பிபிசியின் நகைச்சுவைப் பிரிவும் திருப்பி அனுப்பப்பட்ட பிரதிகளும்

1974ஆம் ஆண்டு மே மாதம். லண்டனில் பிபிசி தொலைக்காட்சியின் நகைச்சுவைப் பிரிவில் சில வரிகளே கொண்ட அலுவலகக் குறிப்பு ஒன்று ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போனது. எழுதியவர் இயன் மெயின். வந்து சேரும் நாடகப் பிரதிகளைப் படித்து, எடுக்கலாமா வேண்டாமா என்று மேலதிகாரிக்குக் கருத்துச் சொல்வது அவருடைய வேலை. ஜான் கிளீஸ், கானி பூத் என்னும் இருவர் சேர்ந்து எழுதிய, ஒரு சிறு விடுதியில் நடக்கும் கதை அப்போது அவர் கைக்கு வந்திருந்தது. தலைப்பைப் போலவே உள்ளே இருப்பதும் படுமோசம், பாத்திரங்கள் எல்லாம் அரைத்த மாவு, எடுத்தால் பெருந்தோல்வியில்தான் முடியும் என்ற பொருள்பட அவர் எழுதினார்.

அந்தப் பிரதிதான் 'ஃபால்டி டவர்ஸ்'. 1975 செப்டம்பர் 19 அன்று பிபிசி 2இல் அதன் முதல் பகுதி ஒளிபரப்பானது. 1975இல் ஆறு, 1979இல் ஆறு என மொத்தமே 12 பகுதிகள்தாம். 2000ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் தொலைக்காட்சித் துறையினரிடம் வாக்கெடுத்து, பிரிட்டனின் 100 சிறந்த நிகழ்ச்சிகளைப் பட்டியலிட்டது. அதில் முதலிடம் இதற்குத்தான்.

பிரதி திரும்பி வந்து சோர்ந்திருக்கும் எழுத்தாளருக்கு ஆறுதல் சொல்ல இந்தக் கதையைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். கடைசியில் எல்லோரும் அந்த அதிகாரியைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர் பக்கத்து நியாயத்தை யாரும் கேட்பதில்லை. அதையும் கேட்டால்தான், நகைச்சுவை எழுதியவர்களுக்குப் பிபிசியின் கதவு எப்போது திறந்தது, எப்படித் திறந்தது என்பது விளங்கும்.

பச்சைப் புத்தகக் காலம்

பிபிசி 1922இல் ஒரு தனியார் நிறுவனமாகத் தொடங்கி, 1927இல் பொதுக் கழகமாக மாறியது. வானொலியில் நகைச்சுவை வேரூன்றியது இரண்டாம் உலகப் போரின்போது. டாமி ஹேண்ட்லி நடித்த 'இட்மா' நிகழ்ச்சி 1939 முதல் 1949 வரை ஒலித்தது. டெட் கவனா அதற்கு வாராவாரம் எழுதினார். வாரம் ஒரு புதிய பிரதி வேண்டும் என்றான பிறகு, எழுதுகிறவர்களைத் தேட வேண்டிய கட்டாயம் நிலையத்துக்கு வந்தது. மேடையில் ஒரு நகைச்சுவைக் கலைஞர் ஒரே சரக்கை ஊர் ஊராகப் பத்து ஆண்டு சொல்லிப் பிழைக்கலாம். வானொலியில் ஒரே இரவில் நாடு முழுவதும் கேட்டுவிடும், மறுவாரம் அதையே சொல்ல முடியாது.

எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று 1940களின் இறுதியில் பல்சுவைப் பிரிவு ஒரு கையேடு வெளியிட்டது. அதைப் பச்சைப் புத்தகம் என்பார்கள். கழிப்பறை பற்றிய நகைச்சுவை கூடாது. தேனிலவுத் தம்பதிகள், விடுதிப் பணிப்பெண்கள், பெண்களின் உள்ளாடைகள், முயல்களின் இனப்பெருக்கம், வீட்டில் குடியிருக்கும் வாடகைக்காரர், ஊர் சுற்றும் விற்பனைப் பிரதிநிதி என்று நீளும் பட்டியல். இன்று வாசித்தால் பட்டியலே நகைச்சுவைத் துணுக்குபோல இருக்கிறது. ஆனால் புதிதாக எழுதுகிறவருக்கு அது ஒரு விதத்தில் உதவிதான். இதனால்தான் திரும்பி வந்தது என்று காரணமாவது தெரியும்.

காசநோய் மருத்துவமனையிலிருந்து ஒரு கடிதம்

1948இல் சர்ரே மாவட்டத்தின் மில்ஃபோர்டு காசநோய் மருத்துவமனையில் இரண்டு இளைஞர்கள் சந்தித்தார்கள். ஒருவர் ரே கால்டன், தொழிற்சங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவர். மற்றவர் ஆலன் சிம்ப்சன், கப்பல் நிறுவனம் ஒன்றில் எழுத்தர். இருவரும் இருபது வயதை எட்டாதவர்கள். அந்நாளில் காசநோய் என்றால் பலருக்கும் முடிவுரை எழுதிய மாதிரிதான். மாதக்கணக்கில் படுத்தே கிடக்க வேண்டும், பேசாமல் ஓய்வெடுக்க வேண்டும். பொழுதுபோக்குக்கு இருந்தது வானொலி ஒன்றே. நோயாளிகளுக்காக மருத்துவமனைக்குள்ளேயே ஒரு சிறு ஒலிபரப்பு நடந்தது. அதற்குப் பதினைந்து நிமிட நிகழ்ச்சிகள் சிலவற்றை இருவரும் எழுதினார்கள்.

பிறகு, அப்போது புகழ்பெற்ற வானொலி எழுத்தாளர்களாக இருந்த பிராங்க் மியூர், டெனிஸ் நார்டன் இருவருக்கும் கடிதம் எழுதி ஆலோசனை கேட்டார்கள். பதில் வந்தது. பிபிசியின் பிரதி ஆசிரியர் கேல் பெட்ரிக்குக்கு ஒரு மாதிரி அனுப்புங்கள் என்றார்கள். கடற்கொள்ளைக்காரன் ஒருவனைப் பற்றிய சிறு நாடகத்தை எழுதி அனுப்பினார்கள். படித்து மிகவும் ரசித்ததாகவும் நேரில் வந்து பார்க்குமாறும் பெட்ரிக் பதில் எழுதினார்.

பிரதி அப்படியே ஒலிபரப்பாகிவிடவில்லை. கிடைத்தது வேறு ஒருவருடைய நிகழ்ச்சிக்குத் துணுக்கு எழுதும் வேலை. 1951இல் அதிலிருந்து தொடங்கி, 1954 நவம்பரில் டோனி ஹான்காக்குக்காக 'ஹான்காக்ஸ் ஹாஃப் அவர்' என்ற வானொலித் தொடரை எழுதும் நிலைக்கு வந்தார்கள். அதற்கு முன் வானொலி நகைச்சுவை என்றால் துணுக்கு, நடுவில் ஒரு பாட்டு, மறுபடியும் துணுக்கு என்றிருந்தது. இவர்கள் அரைமணி நேரமும் ஒரே கதை, ஒரே ஆள், அவனுடைய அன்றாடச் சலிப்பு என்று மாற்றினார்கள். மழை பெய்யும் ஞாயிற்றுக்கிழமையில் ஒன்றும் செய்யத் தோன்றாமல் உட்கார்ந்திருப்பதுகூட ஒரு முழு நாடகமானது. மருத்துவமனைக் கட்டிலில் அதைப் படித்து வந்தவர்கள் அல்லவா.

அவர்களுக்கும் நிராகரிப்பு வந்தது, அதுவும் புகழின் உச்சத்தில். 1961இல் ஹான்காக்கே அவர்களை விட்டுப் பிரிந்தார். அவருக்கென்று எழுதிக் கொடுத்த திரைப்படப் பிரதிகளை அவர் ஏற்கவில்லை. நிலையத்தின் கேளிக்கைப் பிரிவுத் தலைவர் டாம் ஸ்லோன், நீங்கள் விரும்பியதை எழுதுங்கள் என்று தனித்தனி அரைமணி நாடகங்களுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார். அதுதான் 'காமெடி பிளேஹவுஸ்'. அதில் 1962 ஜனவரியில் வந்த ஒரு நாடகம், பழைய பொருள் வாங்கி விற்கும் தந்தையும் மகனும் பற்றியது. அது 'ஸ்டெப்டோ அண்ட் சன்' தொடராக வளர்ந்தது. 1964 பொதுத்தேர்தல் நாளன்று மாலை இத்தொடர் ஒளிபரப்பானால் தன் கட்சிக்காரர்கள் வாக்களிக்க வரமாட்டார்கள் என்று ஹெரால்டு வில்சன் அஞ்சி, நிலையத் தலைவரிடம் பேசி நேரத்தைத் தள்ளிவைக்கச் செய்தார் என்றால் அதன் செல்வாக்கைப் புரிந்துகொள்ளலாம்.

இந்த இருவரின் கதையில் என் மனத்தில் நிற்பது பெட்ரிக்கின் கடிதம். பல்கலைக்கழகப் படிப்போ, தெரிந்தவர் சிபாரிசோ அவர்களுக்கு இல்லை. தபாலில் வந்த ஒரு பிரதிக்கு ஒரு மனிதர் பதில் எழுதினார், அவ்வளவுதான்.

காகிதத்தில் சிரிப்பு வருமா?

இயன் மெயினுக்குத் திரும்புவோம். விடுதி நடத்தத் தகுதியே இல்லாத, விருந்தினரைத் தொந்தரவாக நினைக்கும் உரிமையாளர். அதட்டும் மனைவி. ஆங்கிலம் புரியாத ஸ்பானியப் பணியாள். இந்த மூன்று வரியை மட்டும் ஒரு மாணவர் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தால், பழைய பாத்திரங்கள்தாமே என்று நானும் சிவப்பு மையில் எழுதியிருப்பேன். பிரதியில் இருப்பது சொற்கள். உயரமான ஜான் கிளீஸ் கைகால்களை மடக்கி நீட்டிக் கோபப்படும் விதமும், ஆண்ட்ரூ சாக்ஸ் ஒன்றும் புரியாமல் விழிக்கும் முகமும், எந்த நொடியில் கதவு திறக்கிறது என்ற கணக்கும் காகிதத்தில் தெரியாது. பிரதியே வழக்கமான அரைமணிப் பிரதியைப் போல ஏறக்குறைய இரு மடங்கு பக்கம். படிக்க அலுப்பாக இருந்திருந்தால் வியப்பில்லை.

இன்னொரு தொடரிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்' தொடரின் 1989ஆம் ஆண்டுப் பகுதி ஒன்றில், டெல் என்பவன் மதுக்கடையில் பெரிய மனிதன்போல நின்று பேசிக்கொண்டே பக்கவாட்டில் சாய்கிறான். அங்கிருந்த மடக்குப் பலகையைப் பணியாள் சற்றுமுன் தூக்கிவிட்டிருக்கிறார். டெல் வெட்டிய மரம்போல விழுகிறான். எழுத்தில் இது ஒரே வரி: சாய்கிறான், விழுகிறான். கையை ஊன்றாமல், தலையைத் திருப்பாமல், முகபாவம் மாறாமல் டேவிட் ஜேசன் விழுந்த விதத்தால் அது பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் மிகப் புகழ்பெற்ற காட்சிகளில் ஒன்றானது.

ஆகவே பிரதியைப் படித்துத் தீர்ப்புச் சொல்பவர் தவறுவது இயல்பு. அவர் தவறினால் அடுத்து என்ன நடக்கிறது என்பதில்தான் வேறுபாடு வருகிறது. ஃபால்டி டவர்ஸ் விஷயத்தில் நகைச்சுவைப் பிரிவின் தலைவர் ஜேம்ஸ் கில்பர்ட் அந்தக் குறிப்பைத் தாண்டி அனுமதி கொடுத்தார். அவருக்கும் ஐயம் இருந்தது. முழுக் கதையும் விடுதிக்குள்ளேயே நடந்தால் சரிவராது, வெளியே கொண்டுபோங்கள் என்று சொன்னதாகக் கிளீஸ் பின்னாளில் கூறியிருக்கிறார். ஆனாலும் எழுதியவர் யார் என்று பார்த்தார். கிளீஸ் கேம்பிரிட்ஜில் படித்தவர், 'மான்டி பைத்தான்' மூலம் நாடே அறிந்த நடிகர். அந்த அலுவலகக் குறிப்பு அவரை ஒன்றும் செய்யவில்லை. இதே குறிப்பு பெயர் தெரியாத ஒருவரின் பிரதி மேல் குத்தப்பட்டிருந்தால், பிரதி உறைக்குள் போய் வீடு திரும்பியிருக்கும். இந்தக் கதையை ஆறுதலாகச் சொல்பவர்கள் இதை மட்டும் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

காட்சிப் பொருள் தூக்கியவர்

பெயர் தெரியாத ஒருவரின் வழியைப் பார்க்க வேண்டுமானால் ஜான் சல்லிவனைத்தான் பார்க்க வேண்டும். 1946இல் தெற்கு லண்டனில் பிறந்தார். தந்தை குழாய் வேலை செய்தவர். 11 வயதுத் தேர்வில் தோற்று, 15 வயதில் சான்றிதழ் ஏதுமின்றிப் பள்ளியை விட்டவர். பள்ளியில் அவருக்குக் கிடைத்த ஒரே சொத்து ஓர் ஆங்கில ஆசிரியர். டிக்கன்ஸ் நாவல்களைப் பாடமாக நடத்தாமல், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குரல் கொடுத்து நடித்து வாசித்துக் காட்டினாராம் அவர். அதுவரை புத்தகம் என்றாலே ஓடிய பையன் அன்றுதான் திரும்பிப் பார்த்திருக்கிறான். (முப்பது ஆண்டு வகுப்பறையில் நின்றவன் என்பதால் இந்த இடத்தைச் சுருக்கமாகக் கடக்க மனம் வரவில்லை.)

பழைய கார் வியாபாரம், மதுபான ஆலையில் பெட்டி தூக்குவது, குழாய் வேலை என்று பல வேலைகள் பார்த்தார். தொலைக்காட்சி எழுத்தாளர் ஜானி ஸ்பைட் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்ற செய்தியைப் பத்திரிகையில் பார்த்துத்தான், நண்பர் ஒருவருடன் சேர்ந்து எழுதத் தொடங்கினார். 1968இல் ஒரு பிரதியைப் பிபிசிக்கு அனுப்பினார்கள். பொதுக் கழிப்பறையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு முதிய போர்வீரரைப் பற்றிய நகைச்சுவை அது. பச்சைப் புத்தகத்தின் காலம் முடிந்துவிட்டது என்றாலும் பிரதி திரும்பி வந்தது. நண்பர் விலகினார். சல்லிவன் ஆண்டுக்கணக்கில் எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார், எல்லாம் திரும்பிக்கொண்டே இருந்தன.

1974இல் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். தபால் உள்ளே போகாவிட்டால் ஆளே உள்ளே போவது. பிபிசியில் படப்பிடிப்புக்கான பொருள்களை எடுத்துவைக்கும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார், பிறகு அரங்கப் பொருள்களை நகர்த்தும் வேலை. எந்தக் கட்டடத்திலிருந்து தன் பிரதிகள் திரும்பி வந்தனவோ, அதே கட்டடத்தில் நாற்காலி தூக்கிக்கொண்டு நின்றார். நல்ல எழுத்தாளர்களின் வசனத்தை நடிகர்கள் எப்படிச் சொல்கிறார்கள், எங்கே நிறுத்துகிறார்கள், எங்கே பார்வையாளர் சிரிக்கிறார்கள் என்று தினமும் பார்த்தார். எனக்குத் தோன்றுவது, வீட்டிலிருந்தே அனுப்பிக்கொண்டிருந்தால் இந்தப் பாடம் அவருக்குக் கிடைத்திருக்காது என்பது.

படப்பிடிப்பு இடைவேளையில் நடிகர் ரானி பார்க்கரை அணுகி, தான் எழுதிய சிறு நாடகம் ஒன்று இருப்பதாகச் சொன்னார். பார்க்கர் படித்துவிட்டு இன்னும் எழுதச் சொன்னார். 'தி டூ ரானிஸ்' நிகழ்ச்சியில் அவை இடம்பெற்றன. ஊழியர் மன்றத்தில் தயாரிப்பாளர் டென்னிஸ் மெயின் வில்சனிடம் தானாகப் போய் அறிமுகம் செய்துகொண்டார். அதன் பயனாக 1977இல் 'சிட்டிசன் ஸ்மித்' என்ற அவருடைய முதல் தொடர் வந்தது.

ஒரு தொடர் வெற்றி பெற்றால் அடுத்து எல்லாம் சுலபம் என்று நினைப்போம். கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவரைப் பற்றி அவர் எழுதிய அடுத்த நாடகம் 1980இல் முன்னோட்டப் பகுதியாகப் படமாக்கப்பட்டு, தொடரை எழுதிக்கொண்டிருக்கும்போதே கைவிடப்பட்டது. வேறொரு விளையாட்டு நகைச்சுவைத் தொடர் கையில் இருந்ததே காரணம். அந்த இடத்தை நிரப்பத்தான், தெருவில் பெட்டி விரித்து விற்கும் லண்டன் வியாபாரியைப் பற்றிய 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்' 1981 செப்டம்பரில் வந்தது. முதலில் பெரிய வரவேற்பில்லை. 1996 டிசம்பர் 29 அன்று அதன் ஒரு பகுதியைப் பார்த்தவர்கள் 2 கோடியே 43 லட்சம் பேர்.

வாரக் கூட்டம்

சல்லிவன்போல நாற்காலி தூக்கியே உள்ளே வர எல்லோராலும் முடியாது. வானொலியில் அதற்கு ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. 1970இல் ரேடியோ 4இல் தொடங்கிய 'வீக் எண்டிங்' என்ற அங்கத நிகழ்ச்சி அந்த வாரச் செய்திகளைக் கேலி செய்யும். ஒப்பந்தம் பெற்ற எழுத்தாளர் சிலர் உண்டு. அவர்களோடு, ஒப்பந்தம் இல்லாத யாரும் வந்து உட்காரக்கூடிய கூட்டம் ஒன்றும் வாரந்தோறும் நடந்தது. யார் வேண்டுமானாலும் வரலாம், எழுதிக் கொடுக்கலாம். ஒலிபரப்பானால் நிமிடக் கணக்கில் பணம், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. நிராகரிப்பு அங்கே வார வாடிக்கை. கொடுத்தது வரவில்லையே என்று வருந்துவதற்குள் அடுத்த வாரச் செய்தி வந்துவிடும். 'ஒன் ஃபுட் இன் தி கிரேவ்' எழுதிய டேவிட் ரென்விக் உட்படப் பலர் இப்படிக் கைபழகியவர்கள்.

அங்கேயே தோற்றவர்களில் ஒருவர் டக்ளஸ் ஆடம்ஸ். கேம்பிரிட்ஜ் பட்டதாரி, படிக்கும்போதே நகைச்சுவைக் குழுவில் இருந்தவர். அவர் எழுதியதில் மிகச் சொற்பமே ஏற்கப்பட்டது. அரசியல்வாதி இன்று சொன்னதைக் கேலி செய்ய அவருக்கு வரவில்லை, அவருடைய கற்பனை வேறு திக்கில் ஓடியது. கோழிக்கொட்டகை சுத்தம் செய்தார், வளைகுடாச் செல்வந்தர் குடும்பத்துக்கு மெய்க்காவலராக விடுதி வாசலில் இரவு முழுதும் உட்கார்ந்தார். கையில் காசில்லாமல் தாயார் வீட்டுக்குத் திரும்பினார். 1977இல் தயாரிப்பாளர் சைமன் பிரெட், உனக்குப் பிடித்ததை எழுது என்ற நிலையில் அவரோடு பேசினார். அதிலிருந்து வந்ததுதான் 1978 மார்ச் 8 அன்று ஒலிபரப்பான 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைட் டு தி கேலக்ஸி'. ஒரு நிகழ்ச்சிக்கு ஆகாத எழுத்து, எழுத்தே ஆகாது என்று பொருளில்லை. அது தவறான வாசலில் நின்ற எழுத்தாகவும் இருக்கலாம்.

என் சிறு அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பணியில் சேர்ந்த புதிதில் ஒரு வானொலி நிலையத்துக்கு நகைச்சுவை நாடகம் ஒன்றை எழுதி, தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறையுடன் அனுப்பினேன். மூன்று மாதம் கிணற்றில் போட்ட கல். பிறகு அச்சடித்த இரண்டு வரியுடன் திரும்பி வந்தது. நான்காம் பக்கத்தில் தேநீர்க் கறை இருந்தது. அதுவரையாவது யாரோ படித்திருக்கிறார் என்று அந்தக் கறையை வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். நான் மறுபடி அனுப்பவில்லை.

1998இல் வீக் எண்டிங் நின்றது. பின்னர் 2009இல் தொடங்கிய 'நியூஸ்ஜாக்' அதே பழக்கத்தை மின்னஞ்சலில் தொடர்ந்தது. ஒருவர் ஒரு வாரத்தில் இத்தனைதான் அனுப்பலாம் என்று வரம்பு வைத்தார்கள். நீண்ட நாடகங்களுக்கு பிபிசி எழுத்தாளர் பிரிவு ஆண்டில் குறிப்பிட்ட காலங்களில் மட்டும் வாசலைத் திறக்கிறது. வந்து குவிபவை ஆயிரக்கணக்கில். முதல் சுற்றில் ஒவ்வொரு பிரதியிலும் முதல் பத்துப் பக்கங்களைத்தான் படிக்கிறார்கள். அதைத் தாண்டியவற்றை மட்டுமே மேற்கொண்டு படிக்க முடிகிறது. மற்றவர்களுக்கு, இம்முறை தேர்வாகவில்லை என்ற செய்தியோடு சரி. பெட்ரிக் எழுதியதுபோல ஆளுக்கொரு கடிதம் எழுதக் கட்டுப்படியாகாது. அந்தச் செய்தியைப் பெற்றவர்களுள் எத்தனை பேர் அடுத்த முறை வாசல் திறக்கும்வரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.